மல்லாட்டையும் எந்திர வாசிப்பும்

1

கீழ்பென்னாத்தூர் என்ற பெயரில் 8 எழுத்துகள். யூனிகோடில் எழுதினால் 'கீ' என்பது ககரமாகவும் ஈகாரக் குறியாகவும், 'ழ்' என்பது ழகரமாகவும் புள்ளியாகவும் பிரிந்து மொத்தம் 16 குறிகள். இணையத்தில் புழங்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். ஆக, கணினியைப் பொறுத்தவரை எங்க ஊர் 48 எண்களின் வரிசை. அதே பெயரை ஆங்கில எழுத்தில் அடித்தால் 12 எண்களில் முடிந்துவிடும்.

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி வழியாகத் திண்டிவனம் போகிற சாலையில் இருக்கிற பேரூராட்சி இது. பேர் ஒன்றுதான், ஆனால் அதை எழுதுகிற விதம் ஒன்றல்ல. மூணு சுழி ண போட்டு 'கீழ்பெண்ணாத்தூர்' என்று எழுதுவார்கள். இடையில் ஒரு 'ப்' சேர்த்து 'கீழ்ப்பென்னாத்தூர்' என்றும் எழுதுவார்கள். ஆங்கிலத்தில் ஐ போட்டு ஒன்று, இரண்டு ஈ போட்டு ஒன்று. பஸ்ஸில் ஏறுகிற யாருக்கும் இதில் குழப்பம் வந்ததில்லை. எப்படி எழுதியிருந்தாலும் இறங்குகிற இடம் ஒன்றுதான் என்று நமக்குத் தெரியும்.

கணினிக்கு அது தெரியாது. இந்த நான்கும் ஒரே ஊர், அது ஒரு தாலுகாவின் பெயரும் ஒரு சட்டமன்றத் தொகுதியின் பெயரும்கூட என்பதையெல்லாம் அது படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எதைப் படித்து? யாரோ எங்கேயோ தட்டச்சு செய்து இணையத்தில் போட்டு வைத்ததைப் படித்து. அந்த 'யாரோ'வின் வரலாற்றைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் பார்க்கிறேன். கணினிக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்த கதை என்றால் பெரும்பாலும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். அந்தக் கதையில் தமிழுக்கும் ஒரு கிளை உண்டு. அது சிங்கப்பூர், லோசான், யாழ்ப்பாணம், சென்னை என்று சுற்றி வருகிறது.

2

முதலில் அமெரிக்கக் கிளையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

1984இல் டக் லெனட் 'சைக்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். தண்ணீர் கீழ்நோக்கி ஓடும், செத்தவர் பொருள் வாங்கமாட்டார் என்பது மாதிரியான பொது அறிவை மனிதர்களே ஒவ்வொன்றாகக் கணினிக்கு எழுதிக் கொடுப்பது என்பது ஏற்பாடு. பல ஆண்டுகள், பலரின் உழைப்பு. ஆனால் உலகத்தைக் கையால் எழுதி முடிக்க முடியுமா? முடியவில்லை.

1992இல் மார்ட்டி ஹேர்ஸ்ட் என்ற ஆய்வாளர் ஒரு எளிய வழியைக் காட்டினார். 'இது போன்ற' என்ற பொருளில் ஆங்கிலத்தில் வரும் சில சொற்சேர்க்கைகளை மட்டும் தேடினால் போதும், எது எதன் வகை என்று கணினியே திரட்டிக்கொள்ளும் என்றார். தமிழில் சொன்னால், 'செஞ்சி, ஆரணி, போளூர் போன்ற ஊர்கள்' என்று ஒரு வரி கிடைத்தால், 'போன்ற' என்ற சொல்லுக்கு முன்னால் இருப்பவை எல்லாம் பின்னால் இருப்பதன் வகை. செஞ்சி என்றால் என்னவென்றே தெரியாத கணினிக்கு, அது ஒரு ஊர் என்பது இந்த ஒரு வரியால் தெரிந்துவிடுகிறது. வாக்கியத்தைப் புரிந்துகொள்ள வேண்டியதில்லை, அதன் எலும்புக்கூட்டைப் பிடித்தால் போதும்.

1998இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர் செர்கே பிரின் இதை இணையத்துக்குக் கொண்டுபோனார். வெறும் 5 புத்தகங்கள், அவற்றின் ஆசிரியர்கள். இந்த ஐந்து ஜோடிகள் வலைப்பக்கங்களில் எந்தெந்த வடிவத்தில் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன என்று முதலில் பார்ப்பது. பிறகு அதே வடிவத்தில் வரும் மற்ற ஜோடிகளை எடுப்பது. அவற்றை வைத்துப் புது வடிவங்கள், அவற்றை வைத்து இன்னும் புத்தகங்கள். சுமார் 2.4 கோடிப் பக்கங்களின் தொகுப்பிலிருந்து 15,000க்கும் மேற்பட்ட புத்தகங்களின் பட்டியல் இப்படி வந்தது. ஒரு கைப்பிடி விதையிலிருந்து ஒரு வயல். அதே ஆண்டில்தான் அவரும் லாரி பேஜும் கூகுளைத் தொடங்கினார்கள்.

வயல் என்றதும் சொல்ல வேண்டியது, 2010 ஜனவரியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டாம் மிட்செல் குழு ஓடவிட்ட நிரலின் பெயர் சுருக்கமாக 'நெல்'. முடிவே இல்லாமல் மொழி கற்கும் கருவி என்பது விரிவு. இரவு பகலாக இணையத்தை மேய்ந்து, நகரம், நிறுவனம், பழம், நோய் என்று நூற்றுக்கணக்கான வகைகளில் உண்மைகளைச் சேர்த்துக்கொண்டே போனது. ஒரு கட்டத்தில் அது செய்த தவறு ரொம்பப் பிரபலம். குக்கீ என்பது அடுமனைப் பண்டம் என்று அதற்குத் தெரியும். இணையக் குக்கீகளை அழித்துவிட்டேன் என்று யாரோ எழுதியதைப் படித்தது. ஆக இணையக் குக்கீயும் அடுமனைப் பண்டம். அதே வாக்கியத்தின் வடிவில் கோப்புகளை அழித்தேன் என்றும் வருகிறது. ஆக கோப்பும் அடுமனைப் பண்டம். மனிதர்கள் குறுக்கிட்டுத் திருத்த வேண்டியிருந்தது.

இந்தத் தவறைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் எந்திர வாசிப்பின் மொத்த இயல்பும் இதில் இருக்கிறது. அதற்கு உலகம் தெரியாது, எழுதப்பட்ட வாக்கியங்கள் மட்டுமே தெரியும். ஒரு சொல் எந்தச் சொற்களின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறதோ அதுதான் அந்தச் சொல்லின் பொருள். எழுதாத எதுவும் இல்லாத பொருள்.

தமிழில் இதைச் செய்ய நினைத்தால் இன்னொரு சிக்கல். ஆங்கிலத்தில் ஊர்ப்பேர் மாறாமல் தனியாக நிற்கும். நமக்கு கீழ்பென்னாத்தூரிலிருந்து, கீழ்பென்னாத்தூருக்கு, கீழ்பென்னாத்தூரையும், கீழ்பென்னாத்தூர்க்காரங்க என்று அது வளர்ந்துகொண்டே போகும். பேச்சில் 'கீழ்பென்னாத்தூர்லேர்ந்து'. வேரைப் பிடிக்கத் தெரியாத நிரலுக்கு இவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சொற்கள். சென்னை குரோம்பேட்டையில் இருக்கிற ஏயூ-கேபிசி ஆய்வு மையம், அண்ணா பல்கலைக்கழகம் முதலிய இடங்களில் சொற்பகுப்பிகளுக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்தது இதனால்தான்.

3

சரி, வாசிக்கத் தெரிந்த எந்திரம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வாசிக்கத் தமிழ் எங்கே இருந்தது?

1990களின் தொடக்கத்தில் மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தில் தமிழுக்கு சுமார் 30 லட்சம் சொற்கள் கொண்ட ஒரு தொகுப்பு உருவானது. அச்சுப் புத்தகங்களிலிருந்து எடுத்துத் தட்டச்சு செய்த தொகுப்பு. அன்றைக்கு அது பெரிய விஷயம். இன்றைக்கு ஒரு மொழி மாதிரியைப் பயிற்றுவிக்க அது ஒரு வாய்க்குப் பத்தாது.

இணையத்தில் தமிழ் ஏறியது சிங்கப்பூர் வழியாக. எழுத்தாளரும் ஆசிரியப் பயிற்சி நிறுவன விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமியின் முயற்சியால் 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளின் நான்கு மொழி வலைத்தளத்தில் தமிழும் இடம்பெற்றது. 1997இல் அவர் முன்னின்று நடத்திய தமிழ்நெட் 97 மாநாடு, சிதறிக் கிடந்த கணித்தமிழ் ஆட்களை ஒரே அறையில் உட்கார வைத்தது. 1999 மே மாதம் அவர் இறந்துபோனார். கணினித் தமிழின் முதல் சில அடிகளை ஒரு சிறுகதைக்காரர் எடுத்து வைத்தார் என்பது இலக்கிய வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி.

அந்தக் காலத்தின் பெரிய தலைவலி எழுத்துரு. ஆங்கில எழுத்துக்கான இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை உட்கார வைப்பதுதான் அன்றைய உத்தி. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று திரையில் தெரிவது, கோப்புக்குள்ளே ஆங்கில எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, எச். எழுத்துரு இருக்கிறவர் கண்ணுக்கு அம்மா. இல்லாதவருக்கும் எந்திரத்துக்கும் அது உளறல். இப்படி ஆளுக்கொரு எழுத்துரு, பத்திரிகைக்கொரு எழுத்துரு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு குறியீடுகளைத் தரப்படுத்தியது. இன்னொரு பக்கம் உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்துத் திஸ்கி என்ற குறியீட்டை உருவாக்கினார்கள். 1991இலேயே யூனிகோடில் தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆனால் இயங்குதளங்களும் மென்பொருள்களும் அதற்குத் தயாராகி, மக்கள் கைக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்-16 என்பதையும் அதிகாரபூர்வத் தரங்களாக ஏற்றது 2010இல்தான்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், இந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இணையத்தில் எழுதப்பட்ட தமிழில் ஒரு பகுதி எந்திரத்தின் கண்ணுக்குத் தமிழாகவே படவில்லை. பழைய எழுத்துருவில் இருக்கும் பக்கத்தைப் பார்க்கிற மொழி அடையாள நிரல் அதை எந்த மொழியிலும் சேர்க்காமல் குப்பையில் தள்ளிவிடும். மாற்றி நிரல்கள் இருக்கின்றன. யாராவது உட்கார்ந்து மாற்றினால் அந்தத் தமிழ் பிழைக்கும்.

மாற்ற ஆள் இருந்த ஒரு இடம் மதுரைத் திட்டம். 1998 பொங்கல் நாளன்று தொடங்கப்பட்டது. முன்னின்று நடத்தியவர் சுவிட்சர்லாந்தின் லோசானில் வேலை பார்த்த வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம். சாயம் பூசிய சூரிய மின்கலங்கள் பற்றிய ஆய்வுகளில் அறியப்பட்ட பெயர். 'மயிலை' எழுத்துருவை உருவாக்கியவரும் அவரே. துணை ஒருங்கிணைப்பாளர் அமெரிக்காவிலிருந்த குமார் மல்லிகார்ஜுனன். காசு இல்லை, அலுவலகம் இல்லை. உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் ஒரு நூலை எடுத்துத் தட்டச்சு செய்து அனுப்புவார்கள். இன்னொருவர் பிழை பார்ப்பார். சங்க இலக்கியம், பக்தி இலக்கியம், சிற்றிலக்கியம், நாவல் என்று நூற்றுக்கணக்கான மின்னூல்கள். குறியீடு மாறும்போதெல்லாம் கோப்புகளையும் மாற்றினார்கள். திஸ்கி வந்ததும் திஸ்கிக்கு, யூனிகோட் வந்ததும் யூனிகோடுக்கு. இன்றைக்கு ஒரு எந்திரத்துக்குப் பழந்தமிழ் கொஞ்சம் பிடிபடுகிறது என்றால் அந்த இரவுநேரத் தட்டச்சுக்காரர்களும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

2003 செப்டம்பரில் தமிழ் விக்கிப்பீடியா வந்தது. அதைத் தூக்கி நிறுத்தியவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன். வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டே ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதினார். கனடாவின் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்குக் கொடுத்தது.

இதற்கு நடுவில் இன்று பலருக்கு ஞாபகமில்லாத ஒரு சம்பவம். 2009 வாக்கில் கூகுள், தமிழ் உட்படச் சில மொழிகளின் விக்கிப்பீடியாக்களில் ஆங்கிலக் கட்டுரைகளை எந்திர மொழிபெயர்ப்புக் கருவியும் கூலி மொழிபெயர்ப்பாளர்களும் சேர்ந்து தமிழாக்கிப் போடும் திட்டத்தை நடத்தியது. கட்டுரைகள் நீளமாக, வேகமாகக் குவிந்தன. படித்துப் பார்த்தால் நடை தமிழாக இல்லை, தலைப்புகளும் தமிழ் வாசகருக்கு உடனடியாகத் தேவைப்படுபவை அல்ல. தமிழ் விக்கிப்பீடியர்கள் அதை நிறுத்தி, பேசி, நிபந்தனை வைத்தார்கள். 2010இல் போலந்தில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் அ. இரவிசங்கர் இதைப் பற்றி விரிவான மதிப்பீடு ஒன்றை முன்வைத்தார். எந்திரம் எழுதியதை எந்திரமே மறுபடி படித்துக் கற்கும் வட்டம் இன்று எல்லோருக்கும் கவலை. ஒரு சின்ன தன்னார்வக் கூட்டம் அந்தக் கதவில் அன்றைக்கே நின்று, வருவதைச் சோதித்துத்தான் உள்ளே விட்டது.

அடுத்த பாய்ச்சல் அச்சிலிருந்து நேராக வந்தது. தமிழ்நாட்டில் எழுத்தாளர்களின் படைப்புகளை அரசே பணம் கொடுத்து நாட்டுடைமை ஆக்கும் வழக்கம் உண்டு. 1949இல் பாரதியின் எழுத்துகளின் உரிமையை அரசு வாங்கியதிலிருந்து தொடங்குகிறது அந்த வழி. தமிழ் இணையக் கல்விக்கழகம் அப்படிப்பட்ட நூல்களைப் படமெடுத்து வைத்திருந்தது. சுமார் 2,000 நூல்கள் பொதுவெளி உரிமத்தில் விக்கிமூலத்துக்கு வந்தன. கூகுளின் எழுத்துணரி தமிழைப் படிக்கத் தொடங்கியிருந்த நேரம் அது. கணியம் த. சீனிவாசன் ஒரு பைத்தான் நிரல் எழுதி, பக்கம் பக்கமாக அந்த எழுத்துணரிக்கு அனுப்பி, வந்த உரையை விக்கிமூலத்தில் ஏற்றினார். லட்சக்கணக்கான பக்கங்கள். பிழைகளை இன்றும் மனிதர்கள் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருக்கிறார்கள்.

4

2018இல் கூகுள் 'பெர்ட்' என்ற மொழி மாதிரியை வெளியிட்டது. அதன் பன்மொழிப் பதிப்புகள் விக்கிப்பீடியாக்களைப் படித்துக் கற்றவை. அவற்றில் தமிழும் உண்டு. பதிப்புகளில் ஒன்று, எழுத்துகளைச் சிறியெழுத்தாக்கி, மேலே கீழே இருக்கும் ஒலிக்குறிகளை நீக்கிவிட்டுப் படிக்கும். பிரெஞ்சில், ஸ்பானிஷில் இது பெரிய பாதகமில்லை. தமிழில் என்ன ஆகும்? யூனிகோட் அட்டவணையில் நம் புள்ளியும் ஈகாரக் கொக்கியும் அந்த ஒலிக்குறிகளோடு ஒரே வகையில் வைக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே இரண்டும் போய்விடும். எங்க ஊர் இப்படி ஆகும்: கழபெனனாததூர.

இதை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் உ.வே.சா. ஞாபகம் வந்தது. ஓலைச்சுவடி எழுதியவர்கள் புள்ளி வைக்க மாட்டார்கள், வைத்தால் ஓலை பொத்துப்போகும் என்பார்கள். புள்ளியில்லாத எழுத்து வரிசையைப் பார்த்து, இது மெய்யா உயிர்மெய்யா என்று யோசித்து, பாட்டின் யாப்பையும் பொருளையும் வைத்து முடிவு செய்துதான் 1887இல் அவர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அச்சு வந்து நூறாண்டுக்கு மேல் போட்டு வைத்த புள்ளியை ஒரு வரி கோட் எடுத்துவிட்டு, நம்மை மறுபடி ஓலைக்காலத்துக்கு அனுப்பிவிட்டது. பல மொழிகளில் இப்படிப் பிரச்சினை என்று தெரிந்ததும், அந்தப் பதிப்பைப் பரிந்துரைக்கவில்லை என்று கூகுளே குறிப்பிட்டு, குறிகளை நீக்காத இன்னொரு பதிப்பைத் தந்தது.

இதில் யாருக்கும் தமிழ் மேல் விரோதம் கிடையாது. ஒரு மொழியை மனதில் வைத்து எழுதிய விதி இன்னொரு மொழியின் மேல் விழும்போது இப்படித்தான் ஆகும். இன்னொரு உதாரணம். 101 மொழிகளின் வலைப்பக்கங்களைத் திரட்டி கூகுள் ஆய்வாளர்கள் உருவாக்கிய எம்சி4 என்ற தொகுப்பில் ஒரு வடிகட்டி உண்டு. ஒரு பக்கத்தில் 200 குறிகளோ அதற்கு மேலோ நீளமுள்ள வரிகள் குறைந்தது 3 இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கம் வெளியே. மெனுப் பட்டியல், விளம்பரத் துணுக்கு இவற்றைத் தவிர்ப்பதற்கான நியாயமான விதி. ஆனால் ஒரு குறளின் இரண்டு அடியும் சேர்ந்தே பெரும்பாலும் 100 குறிகளைத் தாண்டாது. பாட்டு மட்டும் இருக்கும் பக்கம் இந்த வாசலில் நிற்காது, உரையோடு இருக்கும் பக்கம்தான் உள்ளே போகும். இரண்டாயிரம் ஆண்டுகளாக அடியளந்து எழுதிய மொழிக்கு இது சின்ன விஷயமில்லை.

நிலைமை மாறிக்கொண்டும் இருக்கிறது. ஓப்பன்ஏஐ 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது, தமிழ் மாதிரி வாசகம் ஒன்று முன்பு 116 டோக்கன்களாக உடைந்தது, இப்போது 35தான் என்று அறிவித்தது. டோக்கன் என்பது எந்திரம் ஒரு கடியில் விழுங்கும் துண்டு. துண்டு குறைந்தால் செலவும் குறையும், வாசிப்பும் கூடும். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்கென்றே பெரிய உரைத் தொகுப்புகளையும் மொழிபெயர்ப்பு மாதிரிகளையும் உருவாக்கித் திறந்து வைத்திருக்கிறது. ஆனாலும் அளவு அளவுதான். பல மாதிரிகளுக்குத் தீனி போடும் காமன் கிரால் என்ற பொதுத் திரட்டில் ஆங்கிலம் பாதியை நெருங்கும். தமிழ் 0.1 சதவீதத்தைக்கூடத் தொடாது.

5

அந்த 0.1க்குக் கீழான பங்கில் எங்க ஊர் எவ்வளவு? பேரூராட்சி, தாலுகா, தொகுதி, தேர்தல் முடிவு, மக்கள்தொகைக் கணக்கு. அரசாங்கம் எழுதி வைத்த அளவுக்கு எந்திரத்துக்குத் தெரியும்.

எங்க பக்கம் வேர்க்கடலையை 'மல்லாட்டை' என்போம். 'மணிலாக் கொட்டை' தேய்ந்து வந்த சொல். தென் அமெரிக்காவில் பிறந்த பயிர், மணிலா ஊரின் பேரைச் சுமந்துகொண்டு நம்ம மானாவாரி நிலத்துக்கு வந்து, வட மாவட்டத்து வாயில் மல்லாட்டை ஆகிவிட்டது. விவசாயத் துறைக்கு நிலக்கடலை, சென்னைக்கு வேர்க்கடலை, செய்தித்தாளின் விலை நிலவரத்தில் இன்னமும் மணிலா. உரையாடல் நிரல் ஒன்றிடம், பெயர் வேண்டாம், மல்லாட்டை என்றால் என்னவென்று கேட்டேன். பழங்காலத்து மல்யுத்த விளையாட்டு என்று மூன்று பத்திக்கு விளக்கியது. 'மல்' என்றால் மற்போர், 'ஆட்டை' என்றால் ஆட்டம் என்று பிரித்துக்கொண்டுவிட்டது. நெல்லுக்குக் குக்கீ, இதற்கு மல்லாட்டை.

பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். அவங்க மல்லாட்டை உரித்துக்கொண்டே கேட்டாங்க: "மல்லாட்டைய மல்லாட்டைனு சொல்லாம வேற இன்னான்னுடா சொல்லுவாங்க?"

நியாயமான கேள்வி. ஆனால் பெரியம்மாவின் கேள்வியை எந்திரம் படிக்க முடியாது. அவங்க எதையும் எழுதினதில்லை. தமிழில் இந்த இடைவெளியை நிரப்பியவர்கள் எழுத்தாளர்கள். கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கொண்டுவந்தார். பெருமாள்முருகன் 2000இல் கொங்கு வட்டாரத்துக்கு. கண்மணி குணசேகரன் 2007இல் நடுநாட்டுக்கு. தனி ஆட்கள் தங்கள் மனிதர்களின் வாயிலிருந்து சொல் பொறுக்கிய வேலை. ஒரு எந்திரத்துக்கு மக்களின் தமிழைச் சொல்லித்தர வேண்டுமானால் இப்படிப்பட்ட வேலைதான் முதல் பாடப்புத்தகம்.

எழுதி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்க மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. செங்கம் பகுதி எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று. எருமைகளைக் காக்கப் போராடிச் செத்த ஒரு வீரனுக்காக எடுத்தது. அவன் பக்கத்தில் அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. திருட வந்த இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பேர் கோவிவன் என்று கல்லில் எழுதியிருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் அந்தப் பகுதியில் வாழ்ந்த மனிதர்களில் அநேகமாக எவர் பேரும் நமக்குத் தெரியாது, ஆனால் ஒரு நாயின் பேர் தெரியும். தொல்லியல் துறை படியெடுத்தது, புத்தகமாக்கியது, யாரோ இணையத்தில் ஏற்றினார்கள், இன்று எந்திரமும் படிக்கும். 1,400 ஆண்டுகளுக்கு முந்தைய அந்த உளிக்காரர் ஒரு வரி கூடுதலாகச் செதுக்கியிருக்காவிட்டால் கோவிவன் இல்லை.

6

இனி கடைசி விஷயம்.

மதுரைத் திட்டத்தின் ஒவ்வொரு கோப்பும் ஒரு முகப்புப் பக்கத்தோடு தொடங்கும். இந்த நூலைத் தட்டச்சு செய்தவர் இன்னார், பிழை பார்த்தவர் இன்னார் என்று அதில் பெயர்கள் இருக்கும். கூடவே ஒரு வேண்டுகோள்: இந்தக் கோப்பை யாரும் தாராளமாகப் பகிரலாம், ஆனால் இந்த முகப்பை மட்டும் அப்படியே வைத்திருங்கள். இருபத்தைந்து ஆண்டுக்கு மேலான உழைப்புக்கு அவர்கள் கேட்ட ஒரே விலை அதுதான்.

நான் இருக்கும் துறையில் உரைத் தொகுப்பு உண்டாக்கும்போது முதல் வேலையே இந்த மாதிரி முகப்புகளை அகற்றுவது. பக்கத்துக்குப் பக்கம் திரும்ப வரும் வாசகம் என்றால் நீக்கு. தமிழ்க் கோப்பில் ஆங்கில வரி வந்தால் நீக்கு. வெறும் பெயர்ப் பட்டியல் என்றால் நீக்கு. மதுரைத் திட்ட முகப்புகள் இந்த மூன்று விதியிலும் மாட்டும். ஒருவேளை தப்பி உள்ளே போனாலும், கோடிக்கணக்கான எண்களாகக் கரைந்துவிட்ட பிறகு எந்த அறிவு யார் தட்டச்சு செய்ததால் வந்தது என்று எந்த மாதிரியாலும் சொல்ல முடியாது. நாட்டுடைமை நூல்களுக்காவது அரசு எழுத்தாளர் குடும்பத்துக்கு ஒரு தொகையைக் கொடுத்தது. தட்டச்சுக்காரருக்குப் பெயர் மட்டும்தான் கூலி, அந்தக் கூலிதான் முதலில் வெட்டப்படுகிறது.

அதற்காக எந்திரத்திடமிருந்து தமிழை ஒளித்து வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒளித்தால் மல்லாட்டை மல்யுத்தமாகவே இருந்துவிடும். பரவ வேண்டும் என்றுதான் அவர்களும் தட்டச்சு செய்தார்கள். நான் சொல்ல வருவது இரண்டு காரியம். ஒன்று, தொகுப்பு உண்டாக்குகிறவர்கள் உரையிலிருந்து முகப்பை வெட்டினாலும், வெட்டியதைத் தனிக் கோப்பில் சேர்த்துத் தொகுப்போடு கூடவே வெளியிடலாம். நாலு வரி கோட், சில மெகாபைட் இடம். நான் பார்க்கிற வேலையில் இப்போது அப்படித்தான் செய்கிறேன். தட்டச்சு, பிழைதிருத்தம் என்று இரண்டு பத்திகளில் பெயர்கள் வரிசையாக வந்து விழுகின்றன. லண்டன், டொராண்டோ, சென்னை, பினாங்கு. சில வரிகளில் ஊர்கூட இல்லாமல் பெயரின் முதலெழுத்து மட்டும்.

இரண்டாவது, இதைப் படிக்கிற நீங்கள். உங்க ஊரில் கடலைக்கு என்ன பேர், ஏரிக்கு என்ன பேர், வீட்டு நாய்க்கு என்ன பேர்? விக்சனரியிலோ விக்கிப்பீடியாவிலோ உங்க சொந்தப் பக்கத்திலோ, பழைய எழுத்துருவில் இல்லாமல் யூனிகோடில், முழு வாக்கியமாக எழுதிப் போடுங்கள். 'மல்லாட்டை, கம்பு, கேழ்வரகு போன்ற பயிர்கள்' என்று ஒரு வரி இருந்தாலே போதும். 1992இலிருந்து எந்திரங்கள் தேடிக்கொண்டிருப்பது அந்த மாதிரி வரியைத்தான்.